வார்னிஷ் பூசாத புரொப்பெல்லர்

சூசைநாதன் போய்விட்டார் என்று அவருடைய மகன் தொலைபேசியில் சொன்னபோது, "நேற்று மாலைதானே என்னோடு சண்டை போட்டார்" என்றேன். சண்டையைப் பாதியில் விட்டுப் போனதற்காக அவர்மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிற்சாலையில் தூள் தயாரிப்பைப் பார்க்கும் டீமேக்கராக இருந்து, ஓய்வுபெற்றுப் பதுளைக்கு வந்தவர். நான் இங்கே ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவன். இருவருக்கும் பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் சின்னச் சின்ன மாதிரி விமானங்கள் செய்யும் பழக்கம். ஹார்ட்வெயார் கடையில் பழுப்பு பெயின்டின் கடைசி டப்பாவுக்கு இருவரும் ஒன்றாகக் கை நீட்டியதில் அறிமுகம். டப்பாவை அவரே எடுத்துக்கொண்டார். "பாதி தர்றேன், வீட்டுக்கு வாங்க முதலாளி" என்றார். போனேன். அன்று பிடித்த தலைவலி.

பழைய விமானங்களின் மூக்கில் சுழலும் புரொப்பெல்லர்கள், மரப்பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் செதுக்கியவை. வெளிர் பலகையும் கரும்பலகையும் மாறி மாறி வருவதால் அவற்றில் வளைந்த வரிகள் ஓடும். அதை விரல் நீளப் பிளாஸ்டிக்கில் தூரிகையால் கொண்டுவர வேண்டும். வரிகளை அவர் நன்றாகவே இழுத்தார். தகராறு கடைசிப் பூச்சில்தான். மரத்தின் செம்பழுப்பு வருவதற்கு நான் நிறம் கலந்த வார்னிஷ் பூசுவேன். யாரும் சொல்லித் தந்ததில்லை. கெடுத்துக் கெடுத்துக் கற்றது. அவரோ தேயிலைத் தூளைச் சுண்டக் காய்ச்சி, அந்தச் சாயத்தைப் பூசினார். அதற்குமேல் வார்னிஷும் போடமாட்டார்.

"பூஞ்சணம் பிடிக்குமே, சூசை."

"வார்னிஷ் போட்டா சாயம் செத்துரும்ங்க. காலமெல்லாம் தேயிலையோட கெடந்தவன் நான். ரேடியோக்காரருக்கு என்ன தெரியும்?"

அடுத்த மழையிலேயே புரொப்பெல்லரில் வெள்ளை பூத்தது. காட்டினேன். இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் நுனியால் துடைத்தார்.

"பழைய பிளேன்னா இப்பிடித்தான் இருக்கும்."

இப்படிப்பட்ட மனிதரிடம் என்னத்தைப் பேசுவது? ஒவ்வொரு மழைக்கும் துடைப்பார். மறுபடி தேயிலை காய்ச்சுவார். கடைசிச் சண்டையும் இதற்குத்தான். "இந்த ஒன்றுக்காவது வார்னிஷ் போடுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கோபித்துக்கொண்டு வந்தேன்.

அடக்கம் முடிந்த சில நாட்களில் அவர் மனைவி ரோசம்மா, அவர் கடைசியாகச் செய்துகொண்டிருந்த அந்த விமானத்தை என் கையில் தந்தார். புரொப்பெல்லரின் ஒரு இதழ் முடிந்திருந்தது. மற்றதில் வரிகள் மட்டும் இருந்தன, சாயம் ஏறவில்லை.

"முப்பதாம் நாள் பூசைக்கு இத அவரு படத்துக்கிட்ட வைக்கணும் அண்ணே. நீங்கதான் முடிச்சுத் தரணும்."

"அவர் ஏதாவது சொன்னாரா தங்கச்சி?"

"அன்னிக்கு நீங்க போன பொறவு சொன்னாரு. 'முதலாளி வார்னிஷ் டப்பாவோட திரும்பி வருவாரு, உள்ள விட்டுறாத'ன்னாரு."

டப்பா அப்போது என் சட்டைப்பையில்தான் இருந்தது.

ரோசம்மாவிடம் தேயிலைத் தூள் கேட்டு வாங்கி, அவர் அடுப்பிலேயே காய்ச்சி, மற்ற இதழுக்கும் அந்தச் சாயத்தையே பூசினேன். ஒரு பக்கம் சாயமும் மறுபக்கம் வார்னிஷுமாக எந்த விமானத்திலும் புரொப்பெல்லர் இருக்காது. அதற்காகத்தான் செய்தேன். அவர் செய்தது தவறு என்று இன்றும் சொல்கிறேன்.

விமானம் இப்போது அவர் படத்தருகே நிற்கிறது. வெளியே மழை பிடித்துவிட்டது. பூஞ்சணம் வரும், சூசை. இரண்டு இதழிலும் சேர்ந்தே வரும். துடைக்க நான்தான் வந்து நிற்க வேண்டும். நீங்கள் நிம்மதியாகத் தூங்குங்கள்.