மாப்பிள்ளை இல்லாத குலவை

எங்கள் வீட்டு அடுப்படியில் ஓர் எண்ணெய் டின் உண்டு. கீறல் விழுந்த செல்போன் அதில் சாய்ந்து நின்ற சனிக்கிழமைகளை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். எங்கள் குடும்பத்திலிருந்து பள்ளிக்கூடம் தாண்டிக் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். இரண்டாம் வருடத்தில் பையோடு எங்கள் ஊர் பரளச்சிக்குத் திரும்பி, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டவளும் நான்தான். இரண்டையும் ஒரே குரலில்தான் சொல்வேன். அருப்புக்கோட்டை டாக்டர் மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார். பெரியப்பாவோ, "படிச்ச கிறுக்கு. ஒரு கால்கட்டப் போட்டா சரியாப் போகும்" என்று பாலவனத்தத்தில் மாப்பிள்ளை பார்த்தார். அப்பா இறந்த பிறகு எங்கள் வீட்டில் அவர் சொன்னதுதான் முடிவு. அம்மா அவர் எதிரே நின்று பேசியதே இல்லை.

கூடப் படித்த ஒருத்திதான் அந்த ஆன்லைன் வகுப்பைச் சொன்னாள். மனம் சோர்ந்த மாணவர்களுக்குப் படம், பாட்டு, அசைவு வழியாகச் சிகிச்சை. சென்னையிலிருந்து ஒரு டீச்சர் நடத்துவார். நான் தாள் முழுக்கக் கறுப்பு அடித்துக் காட்டியபோதும் ஏன் என்று கேட்காதவர். ஒரு சனிக்கிழமை, "பேச்சு வேண்டாம். உங்களுக்குத் தெரிஞ்ச பெரிய சத்தம் ஒண்ணு போடுங்க" என்றார். ஒருவன் நாய் மாதிரி குரைத்தான். ஒருத்தி தட்டில் கரண்டியால் அடித்தாள். எனக்கு வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த அம்மா, "ஏத்தா, டீச்சர் கேக்குறாகல்ல?" என்றாள். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் குலவை போட்டாள்.

முளைப்பாரி ஊர்வலத்தில் அம்மாவின் குலவைதான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்குமாம். தாலியோடு சேர்த்து அதையும் அவளிடமிருந்து கழற்றியிருந்தார்கள். இத்தனை வருடம் உள்ளே கிடந்தது அன்று கூரை ஓட்டையே தூக்குவது போல எழுந்தது. நானும் சேர்ந்தேன். முதலில் காற்றுதான் வந்தது, அப்புறம் கரகரப்பு, அப்புறம் அழுகையும் குலவையுமாக ஏதோ ஒன்று.

அடுத்த வீட்டுச் சித்தி ஈரக்கையோடு ஓடிவந்தார். "ஏக்கா, மாப்பிள்ளை எந்த ஊரு?" பின்னாலேயே டீக்கடையிலிருந்து பெரியப்பா. "எனக்குத் தெரியாமப் பேசி முடிச்சாச்சா? அதுவும் தாலியறுத்தவ குலவை போட்டு?" அம்மா எழுந்து வாசலுக்கு வந்தாள். முதல் முறையாக அவரை நேராகப் பார்த்தாள்.

"மாப்பிள்ளையும் இல்ல, ஒண்ணும் இல்ல மச்சான். மாசக்கணக்கா வாயத் தொறக்காத புள்ள தொறந்திருக்கு, அதுக்குப் போட்டேன். ஆடி கழியவும் காலேஜுக்குப் போறா. பஸ்ஸு ஏறயிலயும் போடுவேன். காது கூசுறவுக கதவச் சாத்திக்கிருங்க."

போனுக்குள்ளிருந்து, குரைத்த பையன் கேட்டான்: "அம்மா, இன்னொரு தடவை போடுவீங்களா?" சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பெரியப்பா போய்விட்டார். பாலவனத்தத்துப் பேச்சு அதோடு முடிந்தது.

அன்றே எனக்கு எல்லாம் சரியாகிவிடவில்லை. மாத்திரையும் வகுப்பும் நெடுநாள் தொடர்ந்தன. ஆடி கழிந்து பஸ் ஏறினேன். அம்மா சொன்னபடியே போட்டாள். கண்டக்டர் கல்யாணப் பொண்ணு எங்கே என்று தேடினார். இப்போது முதுகலை படிக்கிறேன். பெரியப்பா வீட்டு விசேஷங்களில் என்னை இன்னும் "வைத்தியம் பாத்த புள்ள" என்றுதான் காட்டுகிறார்கள். ஆமாம், பார்த்தேன். இன்னும் தேவைப்பட்டால் இன்னும் பார்ப்பேன்.

படுக்கையைவிட்டு எழ முடியாத நாள்கள் இப்போதும் வருகின்றன. அன்று வீடியோவில் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசாமல் இருப்பேன். அவள் என்ன என்று கேட்பதில்லை. போனை எண்ணெய் டின்னில் சாய்த்து வைக்கிறாள், கையைத் துடைக்கிறாள். குலவை எழுகிறது. சித்தி இப்போது மாப்பிள்ளையைக் கேட்பதில்லை, அவர் வீட்டிலிருந்தே சேர்ந்து போடுகிறார். விடுதி அறையிலிருந்து நானும் பதிலுக்குப் போடுகிறேன். வார்டன் கதவைத் தட்டினால் தட்டட்டும்.