ஆறு கணினிகளிலும் 'ஆம்' என்று தட்டினேன்

காலையில் நான் வேலை பார்க்கும் பிரவுசிங் சென்டரின் முதலாளி அண்ணாச்சி சொன்னார்: "எம்மா, பயலுவ பாட்டுப் போட்டு உசுர வாங்குதானுவ. லினக்ஸ்ல இருந்து சத்தத்தையே தூக்கிரு."

ஒலிக்கான பொதியை, அதாவது அந்த மென்பொருள் தொகுப்பை, நீக்கக் கட்டளை கொடுத்தேன். அதோடு சேர்ந்து போகும் பொதிகளின் நீண்ட பட்டியல் வந்தது. புத்தகத்தின் முன்னுரையைக்கூட விடாமல் படிப்பவள், ஆறு கணினிகளிலும் படிக்காமலே 'ஆம்' என்று தட்டினேன்.

பதினோரு மணிக்குக் குளத்தூர் பஸ்ஸில் செல்வி அக்கா வந்தார். துபாயில் இருக்கும் கணவரோடு வெள்ளிக்கிழமைதோறும் இங்கிருந்துதான் பேசுவார். பேசுவதற்கான மென்பொருளைக் காணோம். அதுவும் அந்தப் பட்டியலில் இருந்திருக்கிறது.

மறுபடி நிறுவப் பார்த்தேன். இறங்குவதற்கு மூன்று மணி நேரம் காட்டியது. அவர் கணவருக்கோ வேலைக்கு நடுவே ஒரு மணி நேரம்தான் ஓய்வு.

எழுத்து அரட்டை மட்டும் மிச்சம். அக்காவுக்குத் தட்டச்சு தெரியாது.

"சொல்லுங்கக்கா, நான் அடிக்கேன்."

என்னைப் பார்த்தார். அண்ணாச்சியைப் பார்த்தார்.

"சாப்ட்டாவளான்னு கேளு."

கேட்டேன். சாப்பிட்டாராம்.

"வேறக்கா?"

"ஒண்ணுமில்ல. மிச்சத்த வாற வெள்ளிக்கிழம நானே பேசிக்கிடுதேன்."

ஹெட்போனை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

மாலைக்குள் எல்லாப் பொதிகளும் திரும்பிவிட்டன. நீக்கும் முன் பட்டியலை முழுதாகப் படிக்கிற புண்ணியவான்கள் இங்கே யாராவது உண்டா?