அமெரிக்கச் செம்புக்காசும் கொய்னா மாத்திரையும்

அப்பாவோட விரல்ல எப்பவும் செம்பு வாசம் அடிக்கும்... மழையில நனைஞ்ச இரும்புக் கேட்டைப் பிடிச்சா கையில ஒட்டுமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி.

பேத்தி டைப் பண்றா, நான் சொல்றேன். தப்பு இருந்தா அவளைத் திட்டுங்க.

மலாயாவுல சுங்கைப் பட்டாணி பக்கத்துல ஒரு கித்தா தோட்டத்துல, அதான் ரப்பர் தோட்டத்துல, அப்பா கிராணி... கணக்கெழுதுற வேலை. பழைய செம்புக்காசு சேர்க்கிற கிறுக்கு அவருக்கு. காசுல இருக்கிற தலையில முடி இழை இழையா தெரிஞ்சா முதல் தரம். தேஞ்சு மொழுக்குன்னு இருந்தா ரெண்டாம் தரம். யாராவது புளி போட்டு வெளக்கி பளபளன்னு ஆக்கியிருந்தா, "போச்சு... கொன்னுட்டானுங்க"ம்பார்.

அவர்கிட்ட இருந்ததுலயே ஒசத்தி ஒரு அமெரிக்கக் காசு. அப்பவே நூறு வருஷத்துக்கு மேல பழசு. அகலமா, சாக்லேட் கலர்ல... தலைமுடிய விரிச்சுப் போட்ட ஒரு பொம்பளை இருப்பா. பினாங்குல ஒரு கப்பல்காரன்கிட்ட வாங்கினது. டவுன்ல மருந்துக்கடை வச்சிருந்த சீன முதலாளி, தவுக்கேன்னுதான் கூப்பிடுவோம், அவருக்கும் இதே கிறுக்கு. அந்தக் காசு மேல அவருக்கு ஒரு கண்ணு. கேட்டுக் கேட்டுப் பார்த்தார், அப்பா மசியல.

அப்புறம் ஜப்பான்காரன் வந்தான்.

எனக்கு அப்போ ஏழு வயசு. மலேரியா... மரவள்ளிக்கிழங்கு கஞ்சிகூட உள்ள இறங்கல. தோட்டத்து ஆஸ்பத்திரியில மருந்து தீர்ந்துபோச்சு. அப்பா என்னை சைக்கிள் பின்னால உட்கார வச்சு, அம்மா சேலையால தன் முதுகோட சேர்த்துக் கட்டிக்கிட்டார். டயர் கிடைக்காத காலம், ரப்பர் பட்டை சுத்தின சக்கரம். அந்தக் குலுக்கல் இன்னும் ஞாபகம் இருக்கு. அம்மா பின்னாலயே ஓட்டமும் நடையுமா வந்தாங்க.

தவுக்கேகிட்ட மலேரியாவுக்குக் கொடுக்கிற கொய்னா மாத்திரை ஒரு டப்பா இருந்துச்சு. ஆனா ஜப்பான்காரன் வாழைமரப் படம் போட்டு அடிச்ச மதிப்பில்லாத நோட்டை அவர் தொடமாட்டார். அப்பா அந்த அமெரிக்கக் காசை எடுத்து மேஜையில வச்சார்.

தவுக்கே பூதக்கண்ணாடிய எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரெண்டு பேரும் மலாய்லதான் பேசிக்குவாங்க, தவுக்கே பேச்சுக்குப் பேச்சு ஒரு 'லா' போடுவார்.

"முதல் தரம் லா, கிராணி. டப்பாவோட எடுத்துக்க."

அப்பா டப்பாவைத் தொடல.

"இல்ல தவுக்கே... கன்னத்துகிட்ட ஒரு கீறல் இருக்கு. வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க. ரெண்டாம் தரம்தான்."

அம்மா தலையில அடிச்சுக்கிட்டாங்க. "புள்ள சாகக் கெடக்குது... இவரு காசுக்குக் குறை சொல்றாரு!"

தவுக்கே சாய்ச்சுப் பார்த்தார். கீறல் இருந்துச்சு.

அவரோட தம்பிய ஜப்பான்காரன் லாரியில ஏத்திக்கிட்டுப் போனதுலருந்து மனுஷன் சிரிச்சதே இல்லையாம். அன்னிக்குச் சிரிச்சார். டப்பாவை அம்மா கையில வச்சு, "ரெண்டாம் தரத்துக்கும் இதே விலைதான் லா"ன்னார்.

நான் பொழைச்சுக்கிட்டேன்.

சண்டை முடிஞ்சதும் தவுக்கே காசைத் திருப்பிக் கொடுக்க வந்தார். அப்பா வாங்கல. ஞாயித்துக்கிழமையானா கடைக்குப் போய் அதைப் பார்த்துட்டு மட்டும் வருவார். அம்மாவுக்குத்தான் அப்பா மேல இருந்த கோவம் கடைசி வரைக்கும் ஆறல.

இப்பல்லாம் பழைய காசை பிளாஸ்டிக் பெட்டியில சீல் பண்ணி, தரத்துக்கு ஒரு நம்பர் போட்டு போன்லயே விக்கிறாங்களாம், பேரன் காட்டினான். விக்கிறவனும் வாங்குறவனும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவே வேணாம். வசதிதான்...

ரொம்ப காலம் நானும் அம்மா கட்சிதான். காய்ச்சல்ல கெடந்தது நான் இல்லையா!

இப்போ எண்பத்தொம்பது வயசுல பாசார்ல ஒரு மீன் வாங்கப் போனாக்கூட, விக்கிறவன் தானா வாயைத் தொறந்து ஒரு குறை சொல்லிடுவானான்னு அவன் முகத்தையே பார்த்துக்கிட்டு கொஞ்ச நேரம் நிக்கிறேன்...