கூப்பன் இருந்தது, சீட் இல்லை

கோலார் தங்க வயலில் துணிக்கடை வைத்திருக்கிறேன். சரக்கெடுக்க அடிக்கடி பம்பாய் போவதால், முன்பணம் கட்டி, ஒரே கட்டணத்தில் பறக்கும் விமானக் கூப்பன் புத்தகம் வாங்கினேன்.

அந்த வாரமே பம்பாயிலிருந்து மருமகன் போன் செய்தார். மகளுக்குக் குறைமாதத்திலேயே பிரசவ வலி வந்துவிட்டதாம். எங்கள் பகுதி ஊரிகம் ஸ்டேஷனில் சீசன் டிக்கெட்டோடு ரயிலேறும் பழக்கத்தில், கூப்பனோடு நேரே பெங்களூர் விமான நிலையத்துக்கு ஓடினேன்.

“கூப்பன் சரிதான் சார். ஆனா சீட்டை முன்னாடியே புக் பண்ணணும். ஃப்ளைட் ஃபுல்” என்றார் கவுண்டர் பெண்.

“இன்னாம்மா இது, பணம் கட்டியாச்சே!” என்று கத்தினேன். மகளுக்கு வலி வந்ததையும் சொன்னேன். அந்தப் பெண் தண்ணீர் கொடுத்து, மாலை விமானத்தில் இடம் பிடித்துத் தந்தார்.

நான் போனபோது பேத்தி பிறந்து, நலமாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

இப்போதெல்லாம் சீட் உறுதியான பிறகே கிளம்புகிறேன். சொல்லாமல் கொள்ளாமல் வரும் உரிமை பேத்திக்கு மட்டும்தான்.