வீட்டில் சொல்லாமல் வந்த சைக்கிள்

பஸ் டிப்போவில் அவருக்குப் பெயர் ஹாரன். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் மேனேஜருக்கே மறந்துபோயிருந்தது.

ரயில் நிலையத்தில் கிளம்பி, கடைத்தெருவுக்குள் புகுந்து, பாலம் ஏறி இறங்கி, பெரிய ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்கிற பஸ் அவருடையது. தலைமுடி கருகருவென்று இருந்த காலத்தில் அந்த ஸ்டியரிங்கைப் பிடித்தவர், மகள் பிறந்து, படித்து, கல்யாணமாகிப் பக்கத்து ஊருக்குக் குடிபோன பிறகும் விடவில்லை. இத்தனை வருஷத்தில் பஸ்ஸில் ஒரு கீறல் விழுந்ததில்லை. அதற்குக் காரணம் தன் கட்டைவிரல்தான் என்று அவர் மனதார நம்பினார். கடைத்தெரு முனையில் அவர் ஹாரனை அழுத்தினால் பாலத்தடியில் தூங்குகிற நாய் எழுந்து ஓரமாகப் போகும். பூக்கடைக்காரி தண்ணீர் வாளிகளை உள்ளே இழுத்துக்கொள்வாள்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவர்தான் வழித்தடம் பழக்கிவிடுவார். "ரோட்ல மூணு ரகம் இருக்கு. ஒண்ணு நாம. ரெண்டாவது, நம்மளப் பார்த்து ஒதுங்குறவன். மூணாவது சைக்கிள்காரன். முதுகுல கண்ணும் கிடையாது, காதும் கேக்காது. தூரத்துலயே அழுத்து. விடாம அழுத்து" என்பார். இந்தப் பாடத்தை அட்சரம் பிசகாமல் மனப்பாடம் செய்துகொண்டவன் மொட்டை என்று எல்லோரும் கூப்பிடுகிற இன்னொரு டிரைவர்.

வீட்டுக்குள் வந்தால் ஆளே வேறு. குரல் எழும்பாது. மனைவி தையல் மெஷினில் நூல் கோர்க்கத் திணறினால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தானே கோர்த்துக் கொடுப்பார். அந்த அம்மாளுக்கும் வேலை அதே ஆஸ்பத்திரியில்தான், பின்கட்டிலுள்ள தையல் அறையில். கிழிந்த போர்வைக்கு ஒட்டுப் போடுவது, நர்ஸுகளின் உடுப்பைப் பிடித்துத் தைப்பது, திரைச்சீலைக்கு வளையம் கோர்ப்பது. புருஷன் ஓட்டுகிற பஸ்ஸிலேயே ஜம்மென்று போய்வரலாமே என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். அந்த பஸ் வீட்டுப் பக்கமே வராது. ரயில் நிலையம் வரை நடந்துபோய் ஏற வேண்டும். ஏறினாலும் காலை நேரக் கூட்டத்தில் ஒற்றைக் காலுக்குத்தான் இடம் கிடைக்கும். இறங்கும்போது முழங்கால் விட்டுவிடு என்று கெஞ்சும்.

அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பல் டாக்டரம்மா இருந்தார். சைக்கிளில்தான் எங்கும் போவார். சைக்கிள் ஓட்டத் தெரியாத பெண்களைச் சேர்த்துப் பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் சாயங்கால வேளைகளில் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். கடைவாய்ப் பல் வலி என்று போன தையல்காரம்மாளிடம், வாயைத் திறந்து வைத்திருக்கும்போதே, "அக்கா, சைக்கிள் ஓட்டுவீங்களா?" என்று கேட்டார். வாய் நிறையப் பஞ்சு. இல்லை என்று தலையைத்தான் ஆட்ட முடிந்தது. "அப்போ நாளைக்குச் சாயங்காலம் வந்துடுங்க" என்று டாக்டரம்மா பேச்சை முடித்துவிட்டார்.

போனாள். விழுந்தாள், எழுந்தாள், சிரித்தாள், மறுநாளும் போனாள். வீட்டில் மட்டும் மூச்சு விடவில்லை. சைக்கிள்காரர்களைப் பற்றி இந்த மனுஷன் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து என்னவெல்லாம் சொல்வார் என்று அவளுக்குத் தெரியாதா? எங்கே போகிறாய் என்று கேட்டால் பல் வைத்தியம் என்பாள்.

"உனக்கு மொத்தம் எத்தன பல்லு இருக்கு?" என்று அவர் ஒருநாள் அப்பாவியாகக் கேட்டார்.

அண்ணன் வீட்டில் சும்மா கிடந்த நீலநிற சைக்கிளைத் தட்டிக்கொட்டிச் சரிசெய்து வாங்கி டாக்டரம்மாவின் கிளினிக்குக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டாள். மைதானத்திலிருந்து தெருவுக்கு, தெருவிலிருந்து பெரிய ரோட்டுக்கு என்று துணிச்சல் வளர்ந்தது. ஒரு காலையில், தூறல் விழுந்துகொண்டிருந்தபோது, மஞ்சள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வேலைக்கே சைக்கிளில் கிளம்பிவிட்டாள்.

அன்று ஹாரனுக்கு நேரம் தப்பியிருந்தது. கடைத்தெருவில் சரக்கு வேன்கள் வரிசையாக நின்று பாதி ரோட்டை அடைத்திருந்தன. மீதிப் பாதியில், பஸ்ஸுக்கு முன்னால், ஒரு மஞ்சள் கோட்டு ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது. அவர் அழுத்தினார். மஞ்சள் கோட்டு நெளிந்தது. விடாமல் அழுத்தினார். சைக்கிளின் முன்சக்கரம் சாக்கடை மூடியின் கம்பி இடுக்கில் இறங்கியது. சைக்கிள் நின்றுவிட்டது, ஆள் நிற்கவில்லை. நேராகப் பூக்கடை வாளிகளின் மேல் போய் விழுந்ததில் தெருவெல்லாம் தண்ணீரும் பூவுமாக ஆனது.

பிரேக்கை மிதித்து நிறுத்தியவர் கோபம் தலைக்கேற இறங்கினார். டிரைவர்கள் காலங்காலமாகக் கேட்கிற கேள்வியைத் தொண்டை கிழியக் கேட்டார்.

"ஏம்மா! வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?"

மஞ்சள் கோட்டு திரும்பியது. தலையில் ஒரு ரோஜா ஒட்டிக்கொண்டிருந்தது.

"சொல்லலங்க" என்றாள் மனைவி. "சொன்னா விடமாட்டீங்கன்னுதான் சொல்லல."

பஸ்ஸுக்குள் யாரோ கொல்லென்று சிரித்தார்கள். பிறகு பஸ்ஸே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. கை கொடுத்துத் தூக்கிவிடப் போனார். அவள் தானே எழுந்தாள், முழங்கை சிராய்ப்பை ஒரு பார்வை பார்த்தாள், பூக்கடைக்காரியிடம் மன்னிப்புக் கேட்டாள், சைக்கிளைத் தூக்கி நிறுத்தி ஏறி மிதிக்கத் தொடங்கிவிட்டாள். மிச்சத் தெரு முழுக்க அவர் அவளுக்குப் பின்னால் ஊர்ந்துபோனார். கட்டைவிரலை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

"என்ன டிரைவரே, பொண்ணு அழைப்பா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில், சிராய்ப்புக்கு மருந்து தடவிவிட்டுக்கொண்டே அவர்தான் ஆரம்பித்தார்.

"இனிமே அது வேணாம். எனக்கு உயிரே போயிடுச்சு."

"எனக்கும்தான் போச்சு. சைக்கிளால இல்லீங்க, உங்க சத்தத்தால."

"ஒதுங்கணும்னுதானே அடிச்சேன்."

"எங்க ஒதுங்குறது? வேன் மேல ஏறியா?" அவள் கையை இழுத்துக்கொண்டாள். "உங்களுக்கு லீவு வருதுல்ல. ஒரே ஒரு தடவ அந்த சைக்கிள்ல ஆஸ்பத்திரி வரைக்கும் போயிட்டு வாங்க. வந்து வேணாம்னு சொல்லுங்க, தூக்கிப் போட்டுடுறேன்."

இவ்வளவு பெரிய பஸ்ஸையே ஓட்டுகிறவனுக்கு இது ஒரு சுண்டைக்காய் என்று நினைத்துத்தான் அவர் ஒப்புக்கொண்டார். லீவு நாளன்று சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் தொந்தியும் முழங்காலும் ஒரே இடத்துக்குச் சண்டை போடுவது தெரிந்தது. பத்து மிதி மிதித்ததும் பழைய வித்தை திரும்பிவிட்டது. வீட்டுத் தெருவில் காற்று முகத்தில் அடித்தபோது சின்னதாக ஒரு சந்தோஷம்கூட வந்தது. பெரிய ரோட்டுக்கு வந்ததும் அந்தச் சந்தோஷம் இறங்கி ஓடிவிட்டது. நிற்கிற வேனின் கதவு எப்போது திறக்குமோ என்று ஒரு கண், சாக்கடை மூடியில் ஒரு கண். பின்னால் என்ன வருகிறது என்று பார்க்க மூன்றாவது கண் இல்லை.

பாலத்துக்கு முந்தின வளைவில் அது வந்தது. அவர் தன் வாழ்நாளில் அந்தச் சத்தத்தை உள்ளேயிருந்துதான் கேட்டிருக்கிறார். வெளியேயிருந்து கேட்டால் அது காதில் விழவில்லை, முதுகில் விழுந்தது. அதோடு பஸ்ஸின் காற்று பக்கவாட்டில் இழுத்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு பக்கத்திலிருந்த விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"ஓரமாப் போ பெருசு!" என்று ஜன்னலிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. மொட்டை. அடுத்த நொடி அவன் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, அண்ணே! நீங்களா? நீங்க சொல்லிக் குடுத்த மாதிரிதாண்ணே அடிச்சேன்!"

"தெரியுதுடா" என்றார் கம்பத்தை விடாமல். "நல்லாத்தான் கத்துக்கிட்டிருக்க."

திரும்பி வந்தவருக்கு மனைவி தண்ணீர் கொடுத்தாள். முழுவதையும் குடித்துவிட்டு, "நம்ம பஸ்ஸு இவ்ளோ பெருசுன்னு எனக்குத் தெரியாது" என்றார். சைக்கிளைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை.

அந்த வாரம் மைதானத்துக்கு மனைவியோடு அவரும் போனார். போயிருக்க வேண்டாம் என்று போன உடனேயே தோன்றியது. இவர் பஸ் டிரைவர் என்று தெரிந்ததும் சைக்கிள் கற்க வந்த பெண்கள் ஊரிலுள்ள அத்தனை டிரைவர்கள் செய்த அக்கிரமத்துக்கும் அவரிடமே நியாயம் கேட்டார்கள். ஒருத்தி அழுதேவிட்டாள். எல்லாவற்றையும் தலை குனிந்து கேட்டுக்கொண்டவர், கடைசியில் டாக்டரம்மாவைப் பார்த்து, "நீங்க சொல்றது அத்தனையும் நிஜம். ஆனா நாங்க வேணும்னு பண்ணல டாக்டரம்மா. என் சீட்ல ஒரு தடவ உக்காந்து பாருங்க, அப்புறம் திட்டுங்க" என்றார்.

சொல்லிவிட்டாரே தவிர, உட்காரவைக்க பஸ் வேண்டுமே. மேனேஜர் அறைக்கு முன்னால் தயங்கித் தயங்கி நின்றார். விஷயத்தைக் கேட்ட மேனேஜர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

"டிரைவர் சீட்ல பொதுஜனமா? ஏதாவது ஆச்சுன்னா யாருய்யா பதில் சொல்றது?"

"ஓடாத பஸ் போதும் சார். சாவி உங்க பாக்கெட்லயே இருக்கட்டும். இத்தன வருஷத்துல நான் உங்ககிட்ட லீவத் தவிர வேற எதுவும் கேட்டதில்ல."

மேனேஜர் யோசித்தார். கீறல் விழாத பஸ்ஸும் நினைவுக்கு வந்திருக்கும். "ஞாயித்துக்கிழம மத்தியானம். யார்டுக்குள்ள மட்டும்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டிப்போ யார்டில் ஒரே கலகலப்பு. பெண்கள் ஒவ்வொருவராகப் படியேறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார்கள். சிலருக்குக் கால் பிரேக்குக்கு எட்டவில்லை. டாக்டரம்மா மிடுக்காக ஏறி உட்கார்ந்து கண்ணாடிகளைச் சரிபார்த்தார்.

"யாராவது தெரியுறாங்களா டாக்டரம்மா?" என்றார் அவர்.

"யாருமே இல்லையே."

"நல்லாப் பாருங்க."

"இல்லங்க. யார்டு காலியாத்தான் இருக்கு."

பஸ்ஸின் கதவுப் பக்க முன்சக்கரத்தை ஒட்டி அவர் மனைவி நீல சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் வரிசையாக மற்ற பெண்களும். "நாங்க எல்லாரும் இங்கதான் இருக்கோம்!" என்று அவர்கள் கூவியபோது டாக்டரம்மா சீட்டிலிருந்து எழுந்து எட்டிப் பார்த்தார். பிறகு இறங்கிவந்து, "எத்தன தடவ அந்த எடத்துல புகுந்து போயிருக்கேன்" என்று நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

அடுத்தது, வேடிக்கை பார்க்க வந்திருந்த டிரைவர்களின் முறை. பெண்களின் சைக்கிள்களில் அவர்கள் வரிசையாக நிற்க, மேனேஜரே மனம் இளகிச் சாவியை எடுத்துக் கொடுத்தார். ஹாரன் பஸ்ஸை எடுத்து, மெதுவாகத்தான், அவர்களை உரசுகிற மாதிரி ஓட்டிப்போனார். ஹாரனைத் தொடக்கூட இல்லை. அதற்கே மொட்டை "அம்மா!" என்று அலறி சைக்கிளோடு புல்லில் சாய்ந்தான். பெண்கள் கைதட்டினார்கள். டிரைவர்களும் சிரித்தார்கள், கொஞ்சம் அசடு வழிய. பிறகு தேநீர் வந்தது. இரண்டு கட்சியும் ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்து, அந்தக் கடைத்தெருவைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். வேன்கள் அங்கே நிற்காவிட்டால் இரண்டு பேருக்குமே வழி கிடைக்கும் என்பதில் ஒருத்தருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

நகராட்சிக்கு இரண்டு கட்சியும் சேர்ந்தே போனார்கள். அங்கே நடந்த கூட்டத்தில் கடைக்காரர்கள் முதலில் குதித்தார்கள். வேன் நிற்காவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்றார்கள். பூக்கடைக்காரி மட்டும் எழுந்து நின்று, "வேன் மறைக்கிறதுல என் கடையே யாருக்கும் தெரியல. எடுத்தா எனக்கு நல்லதுதான்" என்று போட்டு உடைத்தாள். இழுபறிக்குப் பிறகு கேட்டதில் பாதி கிடைத்தது. சாக்கடை மூடிகளின் கம்பியைக் குறுக்குவாட்டில் மாற்றிப் போட்டார்கள். காலை நேரத்தில் வேன்கள் நிற்கத் தடை வந்தது. சைக்கிளுக்கென்று தெருவோரத்தில் ஒரு பச்சைப் பாதை பூசினார்கள். அது பாலத்தடி வரை வந்து, பெயிண்ட் தீர்ந்துபோன மாதிரி அம்போவென்று நின்றுவிட்டது. மீதிக்காக டாக்டரம்மா இன்றைக்கும் நகராட்சிப் படியை விடாமல் ஏறி இறங்குகிறார். பல் வலியென்று அவரிடம் வந்த கவுன்சிலரையும் விட்டுவைக்கவில்லை, வாயைத் திறந்து வைத்திருக்கும்போதே கேட்டுவிட்டார்.

டிப்போவில் மேனேஜர் அந்த வழித்தடத்துக்குக் கூடுதலாகச் சில நிமிஷங்கள் ஒதுக்கினார். தையல் அறையிலிருந்து இன்னும் மூன்று பேர் சைக்கிளுக்கு மாறிவிட்டார்கள். ஹாரன் தனக்கென்று அகலமான சீட் வைத்த சைக்கிள் ஒன்று வாங்கிக்கொண்டார். பாலத்து மேட்டில் ஏற முடியாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். மனைவி மேலே நின்று, "மெதுவா வாங்க, பாலம் எங்கேயும் ஓடிடாது" என்பாள்.

போன மாதம் ஒரு லீவு நாளில் இருவரும் துணிந்து பக்கத்து ஊரிலுள்ள மகள் வீட்டுக்கே சைக்கிளில் கிளம்பினார்கள். ஆற்றோரப் பாதை. வழியில் நின்று நின்று, ரொட்டியைப் பிய்த்துத் தின்று, ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள். கதவைத் திறந்த மருமகன் இரண்டு பேரும் வேர்த்து விறுவிறுத்து நிற்பதைப் பார்த்துப் பதறிப்போனார்.

"என்ன மாமா, பஸ் வரலையா?"

அவருக்குப் பதில் சொல்ல மூச்சு போதவில்லை. மனைவிதான் சொன்னாள்.

"பஸ் வந்துச்சு மாப்ள. நாங்கதான் ஏறல. மொதல்ல மாமாவுக்குக் குடிக்கத் தண்ணி கொண்டாங்க."