பதினேழு வீட்டு மணிகள்

மாமா என்னிடம் கேட்டது நான்கே நான்கு சத்தங்கள். நான் கொண்டுவந்து கொடுத்தது பத்தொன்பது. அந்தப் பத்தொன்பதிலும் அவர் கேட்ட நான்கில் ஒன்று இல்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. மேலூர்ப் பக்கம் ஒரு கல்குவாரியில் வேலை செய்தவர். நேரம் தப்பி வெடித்த ஒரு வெடி இருபத்து நான்கு வயதில் அவருடைய இரண்டு கண்களையும் கொண்டுபோய்விட்டது. பிறகு ஒரு பயிற்சிப் பள்ளியில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை கற்றுக்கொண்டு, கே.கே. நகரில் எங்கள் வீட்டில் தங்கி மனுப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது.

ஒரு சனிக்கிழமை கார்டு வந்தது. கப்பலூரில் ஒரு தொழிற்சாலை. செவ்வாய்க்கிழமை நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். அப்பா அதை இரண்டு முறை உரக்கப் படித்தார். மாமா கார்டை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். இந்த வேலையும் கிடைக்காவிட்டால் மேலூருக்குத் திரும்பி, அவருடைய அண்ணன் வீட்டில் யாராவது தட்டு வைக்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அம்மாவும் அப்பாவும் அதைப் பேசிக்கொண்டபோது நான் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பிள்ளை பாடம் படிக்கும்போது அதற்குக் காது கேட்காது என்று பெரியவர்களுக்கு ஒரு நம்பிக்கை. என் மகள் பிறந்த பிறகு எனக்கும் அது வந்துவிட்டது. நினைவு வரும்போதெல்லாம் பாதிப் பேச்சில் நிறுத்திக்கொள்கிறேன்.

சிக்கல் என்னவென்றால், பயிற்சிப் பள்ளியின் டெலிபோன் போர்டில் வெளி லைன் கிடையாது. ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் பேசிப் பழகினார்கள், அவ்வளவுதான். குவாரியில் இருந்த காலத்தில் மாமா போனைத் தொட்டதில்லை. ரிங் போனால் எப்படிக் கேட்கும், எங்கேஜ் என்றால் எப்படிக் கேட்கும் என்று வாயால் சொல்லிக்கொடுத்திருந்தார்களே தவிர, அவர் காதால் கேட்டதில்லை. பக்கத்து வீட்டில் போன் இருந்தது. ஆனால் அடுத்தவர் வீட்டில் போய் உட்கார்ந்து தடவிக்கொண்டிருக்க அவருக்குக் கூச்சம்.

“தாயி, எனக்கு நாலு சத்தம் பிடிச்சுட்டு வாரியா?” என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைக் கேட்டார். “டயல் டோன், ரிங்கு, எங்கேஜு, இல்லாத நம்பரு. ஒருதரம் கேட்டாப் பத்தாது. திரும்பத் திரும்பக் கேக்கணும்.”

அப்பாவின் டேப் ரிக்கார்டரையும் ஒரு புது கேசட்டையும் தூக்கிக்கொண்டு போனேன். பக்கத்து வீட்டில் பட்டுப்புடவை வியாபாரம் செய்யும் சௌராஷ்டிரக் குடும்பம் இருந்தது. அந்த வீட்டு அக்கா போனை ஸ்டூலோடு என் பக்கம் நகர்த்திவைத்தார். விஷயத்தைக் கேட்டதும், “எங்கேஜ் வேணும்னா எங்க நம்பரையே போடு. எப்பப் போட்டாலும் எங்கேஜ்தான். எங்க வீட்டுக்காரரு கடையில இருந்து தெனமும் அதத்தான் சொல்றாரு” என்றார். உள்ளேயிருந்து அவருடைய மகள் தங்கள் பாஷையில் ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே சமையலறைக்குப் போய்விட்டார்கள்.

டயல் டோன் சுலபம். அடுத்தது ரிங். ஞாயிற்றுக்கிழமை யாரும் எடுக்கமாட்டார்கள் என்று என் பள்ளிக்கூடத்து நம்பரைப் போட்டேன். சுழற்றி முடித்ததும் “இது ஸ்கூல் மணி” என்று அறிவித்துவிட்டு, ரிசீவரின் காதை டேப் ரிக்கார்டரின் சல்லடை மைக்கின் மேல் அமுக்கிப் பிடித்தேன். மணி போயிற்று, நின்றது, போயிற்று.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இது பள்ளிக்கூடத்து மணி. மாமா வேலைக்குப் போனால் பள்ளிக்கூடத்துக்கு மட்டுமா பேசுவார்? டாக்டர் வீட்டு மணி வேறு மாதிரி இருக்கும். லாரி ஆபீஸ் மணி வேறு மாதிரி இருக்கும். எல்லாம் தெரிய வேண்டாமா? டெலிபோன் டைரக்டரியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அரிசி மண்டி, காலேஜ், மரக்கடை, லாரி ஆபீஸ், எங்கள் டாக்டரின் வீடு. ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லி, மணி போகவிட்டு, யாராவது எடுத்து “ஹலோ” என்றால் படக்கென்று வைத்துவிடுவேன். இன்று என் வீட்டு போன் இரண்டு முறை அடித்து நின்றுவிட்டால் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று அரை நாள் மண்டையைக் குடைந்துகொள்கிறேன். அன்று மதுரையில் எத்தனை பேரை அப்படிக் குடையவைத்தேனோ!

கேசட்டின் இரண்டு பக்கத்திலுமாகப் பதினேழு மணிகள் சேர்ந்தன. எங்கேஜ் பிடிக்கும்போது நாலைந்து ‘பீப்’ விழுந்ததுமே டேப் முடிந்து பட்டன் மேலே துள்ளியது. இல்லாத நம்பருக்கு இடமில்லை.

“இம்புட்டு டேப்பையும் மணியாலயே ரொப்பி வச்சிருக்கியேடி! ஒனக்குக் கூறு இருக்கா?” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

“விடுக்கா, நாளைக்குப் பிடிச்சுக்கிடலாம்” என்றார் மாமா.

ஆனால் அன்று சாயங்காலம் பிடித்த மழையில் எங்கள் தெருவிலிருந்த மூன்று போன்களும் செத்துப்போயின.

திங்கட்கிழமை முழுவதும் மாமா இயர்போனை ஒற்றைக் காதில் வைத்துக்கொண்டு டேப்பைக் கேட்டார். பட்டனை அமுக்குவது என் வேலை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் தலையைக் குனிந்துகொண்டார். “டாக்டர் வீட்டு மணிய இன்னொருதரம் போடு தாயி” என்றார். அதை மட்டும் நான்கு முறை போட்டேன். டாக்டர் வீட்டு மணி அவ்வளவு கஷ்டமானது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை கப்பலூர் பஸ்ஸில் எனக்கு ஒரே யோசனை. அந்த நாலாவது சத்தம் என்னவென்று மாமாவைக் கேட்டுவிட்டால்? தொழிற்சாலையில் அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள். மாமா என் தோளைப் பிடித்து நடந்ததால் என்னை உள்ளே விட்டார்கள். மேனேஜர் தானே நம்பரைச் சுழற்றி ரிசீவரை மாமா கையில் கொடுத்தார்.

“இது என்னப்பா?”

“ரிங் போகுது சார்.”

“இது?”

“எங்கேஜ் சார்.”

மூன்றாவது முறை சுழற்றிக் கொடுத்தபோது மாமா ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினார். ரிசீவரிலிருந்து கசிந்தது எனக்கும் லேசாகக் கேட்டது. நீளமாக இழுத்து, கொஞ்சம் விட்டு, மறுபடி நீளமாக இழுத்தது. என் டேப்பில் இல்லாத சத்தம்.

“சார், இந்தச் சத்தத்த நான் இதுக்கு முன்ன கேட்டதே இல்ல” என்றார் மாமா.

மேனேஜர் ரிசீவரை வாங்கக் கையை நீட்டினார்.

“ஆனா இது ரிங் இல்ல சார். ரிங்குன்னா இப்பத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். எங்கேஜும் இல்ல, டயல் டோனும் இல்ல. லைன் செத்திருந்தாச் சத்தமே வராது. அப்பன்னா நீங்க ஊருல இல்லாத நம்பரப் போட்டிருக்கீங்க.”

மேனேஜர் நீட்டிய கையை மேசைமேல் வைத்துவிட்டுச் சிரித்தார். “என் கல்யாணத் தேதியச் சுத்துனேன்ப்பா. ஊருலயே இல்லாத நம்பராத்தான் போச்சு!”

ஒன்றாம் தேதி வந்து சேரச் சொன்னார்கள். திரும்பும் பஸ்ஸில் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டே வந்தாள். எனக்கோ ஒரே பெருமை.

“நான் பிடிச்ச மணியில எது மாமா உதவுச்சு?”

“பதினேழுந்தான். டாக்டர் வீட்டு மணி கொஞ்சம் கூடுதல்.”

கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு போன் வந்தபோதுதான், நாம் கேட்கும் அந்த ரிங் எதிர்முனையில் அடிக்கும் மணியே இல்லை, எக்ஸ்சேஞ்சிலிருந்து வருவது, எந்த வீட்டுக்குப் போட்டாலும் ஒன்றுதான் என்று கணவர் சொன்னார். கூசிப்போய்விட்டேன். ஒரே சத்தத்தைப் பதினேழு பெயர் வைத்துக் கொடுத்திருக்கிறேன். அதை மாமா அன்றே கண்டுபிடித்திருப்பார். என் மனம் நோகக் கூடாதென்றுதான் சொல்லாமல் விட்டாரா? இதை அவரிடம் கேட்பதா வேண்டாமா என்று யோசித்தே வருஷங்கள் போயின.

போன மாதம் மகளை அழைத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். பேத்திக்குக் காட்டுகிறேன் என்று அவர் அந்தக் கேசட்டை எடுத்து, இந்த முறை இயர்போன் இல்லாமல் போட்டார். நான் அதைக் கேட்பது அதுதான் முதல் முறை.

“இது டாக்டர் வீட்டு மணி” என்றது என் குரல். மணி போயிற்று. அது நிற்கும் இடைவெளியில் யாரோ மூச்சுவிடாமல் முணுமுணுத்தார்கள். “எடுக்காதீங்க, எடுக்காதீங்க… சாமி, மாமா மேலூருக்குப் போகக் கூடாது… எடுக்காதீங்க… மாமா இங்கயே இருக்கணும், சாமி…”

ரிசீவரை அமுக்கிப் பிடித்தால் போனின் சத்தம் மட்டும்தான் டேப்பில் விழும் என்று நான் நினைத்திருந்தேன்.

என் மகள் ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டாள். “யாரு தாத்தா அது, சாமி கும்பிடுறது?”

“அதுவா?” என்றார் மாமா. “அதான் டாக்டர் வீட்டு மணி.”