பாவோடு ஒட்டிக்கிடந்த நம்பர்

ஆரணியில் ஒரு பட்டு முதலாளிக்கு நான் எழுதிக் கொடுத்த மென்பொருளில் முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. நெசவாளரின் பெயர், ஊர், போன் நம்பர் ஒரு டேபிளில், அதாவது அட்டவணையில். தறியில் ஏற்ற நெசவாளருக்குக் கொடுக்கும் பாவு நூல்கள் இன்னொரு டேபிளில். ஒரு விவரம் ஓர் இடத்தில்தான் இருக்கவேண்டும் என்று நார்மலைசேஷன் பாடத்தில் படித்ததை வேதவாக்காக வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை காலையில் பாவு கேட்டுக் கூட்டம் நெரியும். இரண்டு டேபிளையும் சேர்த்துக் காட்டத் திரை திணறும்.

"இன்னாங்க இது, பேஜாரா கீது! சுத்திகினே இருக்குது. ஜல்தியா வர மாதிரி பண்ணுங்க" என்றார் முதலாளி.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தேடலை வேகமாக்கும் இன்டெக்ஸ் ஒன்றை ஒழுங்காகப் போட்டிருந்தாலே பாதி சரியாகியிருக்கும். அதற்குப் பொறுமை இல்லை. பாவு டேபிளிலேயே போன் நம்பரையும் நகலெடுத்துப் போட்டு வைத்தேன். திரை பறந்தது. முதலாளி டீ வாங்கிக் கொடுத்தார். நானும் பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டு குடித்தேன்.

சில மாதம் கழித்து, நானே பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்த கடைக்கு எங்களிடம் நெய்யும் ஒரு பெண் வந்தார். கன்றிப்போன கண்ணை முந்தானையால் மறைத்திருந்தார்.

"அண்ணா, முள்ளிப்பட்டுல எங்க அக்கா ஊட்டுக்கு வந்துட்டேன். அங்கயே தறி கீது. பழைய நம்பர் எங்க ஊட்டுக்காரரு போனு. அத எடுத்துட்டு இத போடுங்க. நான் எங்க கீறேன்னு அவருக்குத் தெரியக்கூடாது."

"மாத்திட்டேம்மா, பயப்படாதீங்க" என்றேன். நெசவாளர் டேபிளில் ஊரையும் நம்பரையும் மாற்றியிருந்தேன். அவருக்கென்று ஏற்கெனவே பதிவாகியிருந்த பாவில் கிடந்த நகல் என் நினைவுக்கே வரவில்லை.

இரண்டு நாளில் தானாகப் போகும் குறுஞ்செய்தி போனது. புது ஊரை ஒரு டேபிளிலிருந்தும் பழைய நம்பரை இன்னொன்றிலிருந்தும் எடுத்துக்கொண்டு போனது. 'உங்கள் பாவு நாளை முள்ளிப்பட்டு வீட்டுக்கு வரும்.'

மறுநாள் பாவோடு போன ஆள் திரும்பி வந்து, தனக்கு முன்பே அந்தப் பெண்ணின் கணவன் அங்கே வந்து நின்றதைச் சொன்னார். அனுப்பிய செய்திகளைத் திறந்து பார்த்தேன். வேறு யார்மீதும் பழி போட வழியில்லை.

அடுத்த திங்கட்கிழமை அந்தப் பெண்ணும் கணவனும் வந்தார்கள். அவன் சிரித்த முகமாகத்தான் பேசினான்.

"ஏதோ கோவத்துல போய்ட்டா சார். இட்டுகினு வந்துட்டேன். பழைய நம்பரே போட்டுடுங்க."

நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"போடுங்கண்ணா" என்றார், தரையைப் பார்த்தபடி.

போட்டேன். இப்போது இரண்டு டேபிளிலும் ஒரே நம்பர்தான் இருக்கிறது. ஒரு பிசகும் இல்லை.